தீவு நடையும் ஒரு கவர் பிரிஞ்சி இலையும்

தீவு நடைக்கு வழிகாட்டி ஆக வேண்டுமென்றால் ஒரு தேர்வு நடையை நடத்திக் காட்ட வேண்டும். எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் நடக்க வேண்டும். மூன்று இடங்களில் நின்று பேச வேண்டும். எட்டுப் பேரையும் திரும்பப் படகுத்துறையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பின்னாலேயே ஒருங்கிணைப்பாளர் அட்டையும் பேனாவுமாக வருவார். ஒரு பருவத்துக்கு இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பை நான் ஏப்ரலில் தொலைத்தேன்.

தொலைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நிறுத்தத்தில் ஒரு பழைய ஓக் மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. அங்கே பன்னிரண்டு நிமிடம் பேசலாம் என்கிறது வழிகாட்டிகளுக்கான கையேடு. நான் நாற்பது நிமிடம் பேசினேன். வெட்டிய மரத்தின் நடுச்சுற்றளவை அளந்து கன அளவைக் கணக்கிடும் முறை, கட்டையில் சுத்தியல் முத்திரை குத்தும் முறை, முத்திரை இல்லாத கட்டை கிடைத்தால் யாருக்கு எத்தனை நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது வரை சொன்னேன். கடைசிப் பகுதி இந்த நாட்டுக்குப் பொருந்தாது என்பது பாதியில்தான் உறைத்தது. ஆனாலும் தொடங்கியதை முடிப்பது என் பழக்கம். மூன்றாவது நிறுத்தத்துக்குப் போகாமலேயே படகைப் பிடிக்க ஓடினோம்.

ஒருங்கிணைப்பாளர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள். வெயிலில் காய்ந்த முகம், குறைந்த பேச்சு. "உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது" என்றார். "ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்துவிட்டதை நீங்கள் பார்க்கவில்லை." நான் கையேட்டில் இருந்த மூன்று பிழைகளை எழுத்தில், இரண்டு படிகளாக அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவும் எனக்கு உதவியிருக்காது.

நான் தமிழ்நாட்டு வனத்துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன். பொள்ளாச்சிப் பக்கம் வனவராகத் தொடங்கி, சரகராகி, உதவி வனப் பாதுகாவலராக ஓய்வு பெற்றேன். இப்போது அமெரிக்காவில், ஃப்ரீமாண்டில் மகன் வீட்டில் இருக்கிறோம், நானும் மனைவியும். கிரீன் கார்டு வந்துவிட்டது. இங்கே எங்களை எல்லோரும் மிகுந்த அன்போடு கொண்டுபோய் விடுகிறார்கள், கொண்டுவந்து விடுகிறார்கள். வீட்டு சோபாவையும் அப்படித்தான் கொண்டுவந்தார்களாம். தேர்வு நடையில் தேறினால் மாதம் இரண்டு சனிக்கிழமை நானாக ரயில் ஏறி, நானாக ஃபெர்ரி ஏறி, ஒரு வேலைக்குப் போவேன். அங்கே என்னை எதிர்பார்த்து ஆட்கள் நிற்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அது உறுதியாக வேண்டியிருந்தது.

மகனுக்கு இது புரியவில்லை. "அப்பா, இது வாலண்டியர் வேலைப்பா. யாரும் இவ்ளோ சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க. ரிலாக்ஸ் பண்ணுங்க" என்றான். ரிலாக்ஸ் பண்ணுவது எப்படி என்று யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயிற்சி பெற்றிருக்கிறேன்.

இரண்டாவது வாய்ப்பு ஜூனில். நடுவில் இருந்த எட்டு வாரமும் கராஜில் ஒத்திகை பார்த்தேன். வீட்டில் மூன்று குப்பைத்தொட்டிகள் உண்டு: நீலம், பச்சை, கறுப்பு. நீலத்தொட்டி ஓக் அடிக்கட்டை. பச்சை, திமிங்கிலக் கொழுப்பு உருக்கிய இரும்பு அண்டா. கறுப்பு, மேட்டின் மேல் கடல் தெரியும் இடம். அடுப்பங்கரையிலிருந்து டைமரைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வேன். மனைவி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். பார்வையாளர்கள் என்று அவள் ஒருத்திதான்.

"ஏனுங்க, அந்த அண்டாக் கதைய மொதல்ல சொல்லிப் போடுங்க. மரத்தைக் கடைசீல வெச்சுக்கலாம். சனம் தூங்கிப் போயிரும்."

"கையேட்டுல மரம்தான் முதல்."

"கையேடு எழுதுனவன் உங்களை மாதிரி ஆளாத்தான் இருப்பான்."

டைமர் அடித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தப் பழகினேன். ஆறாவது வாரத்தில் மரத்தைப் பதினொரு நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். முத்திரைச் சுத்தியலைத் தூக்கியெறிய மட்டும் இரண்டு வாரம் பிடித்தது.

தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரிகுடாவின் நடுவில் ஒரு குன்று அளவுக்கு நிற்கும் இடம். ஃபெர்ரியில் அரை மணி நேரம். அந்தக் காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பசிபிக்கில் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு இந்த விரிகுடாவுக்குள் வரும். குடிநீரும் விறகும் வேண்டும் அவர்களுக்கு. தீவில் ஊற்று இருந்தது, ஓக் காடு இருந்தது. ஒரு கப்பல் வந்து தனக்கு வேண்டியதை மட்டும் வெட்டிக்கொண்டு போகும். பிறகு இன்னொரு கப்பல். யாரும் காட்டை அழிக்க வந்தவர்கள் இல்லை. கணப்புக்கும் அடுப்புக்கும் கொழுப்பு உருக்கும் உலைக்கும் கொஞ்சம் விறகு எடுத்துப்போக வந்தவர்கள். சில தலைமுறைக்குள் மேடு மொட்டையாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் மொட்டை மேட்டைப் பார்த்துவிட்டு தைலமரம் நட்டார்கள். அதன் பிறகு வந்தவர்கள் தைலமரம் தவறு என்று அதை வெட்டினார்கள். இந்தப் பகுதியைப் பேசும்போது என் குரலில் ஒரு சொந்தம் வந்துவிடும். எங்கள் துறையும் மலையில் தைலமரத்தை நட்டதற்கு ஒரு விழா, வெட்டியதற்கு ஒரு விழா என்று நடத்தியிருக்கிறது. இரண்டுக்கும் நானே பந்தல் போட ஏற்பாடு செய்திருக்கிறேன்.

தேர்வு நாளன்று எட்டுப் பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேர் மட்டும் எனக்குத் தெரியாத ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி. மீதி ஆறு பேரை நான் எங்கள் வீட்டருகே பூங்காவில் காலை நடைக்கு வருபவர்களில் பொறுக்கினேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். இருவரும் பல வருடம் ஆஸ்பத்திரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மகளுக்குப் பிரசவம் பார்க்க சென்னையிலிருந்து வந்து, பிரசவமும் ஆகி, விசா முடியக் காத்திருக்கும் ஆன்ட்டி ஒருவர். சன்னிவேலில் வேலை பார்க்கும் இளம் தம்பதி. ஆறாவது, என் மனைவி. சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்று கையேட்டில் இல்லை. இருமுறை பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன்.

படகுத்துறையில் பாதுகாப்பு உரை. தண்ணீர் இருக்கிறதா, தொப்பி இருக்கிறதா, பாதையை விட்டு இறங்கக்கூடாது, எதையும் பறிக்கவோ பொறுக்கவோ எடுத்துப்போகவோ கூடாது. மூன்று மூன்று இலையாக இருக்கும் நச்சுக்கொடியைக் காட்டி, தொட்டால் கொப்பளிக்கும் என்றேன். அதையே தமிழிலும் சொன்னேன்: "நம்ம சேராங்கொட்டைக்கு இது சொந்தம். மா, முந்திரி எல்லாம் ஒரே குடும்பம்."

"மாம்பழத்துக்கு இப்படி ஒரு சித்தப்பாவா" என்றார் சென்னை ஆன்ட்டி.

நான் தலை எண்ணினேன். எட்டு. கிளம்பினோம்.

ஓக் அடிக்கட்டையில் பத்தரை நிமிடம். ஒருவரும் உட்காரவில்லை, நான் முகங்களைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அது எனக்குப் புதிதாக இருந்தது. இத்தனை வருடம் பேசும்போது எதிரே இருப்பவரின் சட்டைப்பைப் பேனாவைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன்.

அண்டா இருக்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். ஆறு பேர் சுற்றி நின்று விளிம்பில் கை வைக்கலாம், அவ்வளவு அகலம். அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது.

"கல்யாண வீட்டு சாம்பார் அண்டா மாதிரி இருக்குங்க அங்கிள்" என்றாள் சன்னிவேல் பெண்.

"இதுல திமிங்கிலக் கொழுப்பைத் துண்டு துண்டாப் போட்டு உருக்குவாங்க. மேல வர்ற எண்ணெயை எடுத்துப் பீப்பாயில அடைச்சிடுவாங்க. விளக்குக்கு, மெஷினுக்கு, சோப்புக்கு. விறகு அடுப்பு பத்த வைக்கத்தான். எரிய ஆரம்பிச்சதும், உருகி மிஞ்சின தோல் சக்கையையே அடியில போட்டு எரிப்பாங்க."

கன்னியாகுமரிக்காரர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப, அதை வச்சே அதை உருக்குனானுவோ."

"ஆமா சார்."

"எங்க ஊர்ல ஒண்ணு கரைக்கு வந்துது. உயிரோடதான். ஊரே சேர்ந்து கடல்ல தள்ளிப் பாத்தோம். திரும்பத் திரும்ப வந்துது. பொறவு செத்துப் போச்சு. ஃபாதர் வந்து ஜெபம் சொன்ன பொறவுதான் குழி வெட்டுனோம்."

இதை அமெரிக்கத் தம்பதிக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் அட்டையில் எதையோ எழுதினார். நல்லதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சன்னிவேல் பையன் மட்டும், "அங்கிள், அம்பர் அம்பர்னு நியூஸ்ல வருதே, அந்தத் திமிங்கில வாந்தி, கோடிக்கணக்குல போகும்னு, அது இங்க கிடைக்குமா?" என்றான். கிடைத்தாலும் எடுக்கக்கூடாது, நம் ஊரில் வைத்திருந்தாலே வழக்கு என்றேன். எந்தச் சட்டம், எந்தப் பட்டியல் என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாவது நிறுத்தத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் பாதையில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் வாசனை மரங்கள் அடர்த்தியாக நிற்கும். இலையைக் கசக்கினால் பிரிஞ்சி இலை வாசனைதான், ஆனால் நான்கு மடங்கு காரம். வெட்டிய ஓக்குகளின் இடத்தில் தானாக வந்து பிடித்துக்கொண்டவை என்று கையேடு சொல்கிறது. நான் கடந்துபோகும்போதே அதைச் சொன்னேன். பிரிஞ்சி இலை என்ற வார்த்தையைச் சொன்னது என் தவறு. அதை நான் ஒத்திகையில் சொல்லவில்லை. அங்கேதான் வாயில் வந்தது.

மேட்டை அடைந்ததும் தலை எண்ணினேன். ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழு. மனைவியைக் காணவில்லை.

ஆள் குறைந்தால் வழிகாட்டி குழுவை விட்டுத் தேடப் போகக்கூடாது. உடன் வரும் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒருங்கிணைப்பாளர், "நான் குழுவோடு நிற்கிறேன், நீங்கள் போங்கள். உங்கள் மனைவிதானே" என்றார். அவருக்குப் பெயர்ப்பட்டியலைப் பார்த்துத் தெரிந்திருக்கிறது. நான் திருப்பத்துக்கு இறங்கினேன்.

மனைவி பாதையை விட்டு நாலடி உள்ளே, மரத்தடியில் குனிந்து நின்றாள். கையில் பெரிய ஜிப்லாக் கவர். ஊரிலிருந்து சாம்பார்ப் பொடி போட்டுக்கொண்டு வந்த கவர், கழுவிக் காயவைத்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. உதிர்ந்ததை மட்டும் பொறுக்கியிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். பச்சை இலை ஒன்றுகூட இல்லை.

"என்ன பண்ற?"

"பாத்தா தெரியலீங்களா."

"எதையும் எடுக்கக்கூடாதுன்னு கீழ சொன்னேனா இல்லையா?"

"பறிக்கக்கூடாதுன்னீங்க. இது உதிர்ந்தது."

"பறிக்கவோ பொறுக்கவோன்னு சொன்னேன்."

"ஏனுங்க, நீங்கதான சொல்லுவீங்க, உதிர்ந்தது சிறு வன மகசூலு, அதுக்குச் சட்டத்துல எடம் இருக்குதுன்னு. முப்பத்தஞ்சு வருசம் காட்டுல குப்பை கொட்டுனீங்க. ஒரு நெல்லிக்காய் வீட்டுக்கு வந்துச்சா? பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல தேன் வரும், கடுக்காய் வரும், என்ற வீட்டுக்கு மட்டும் சர்க்குலர் வரும். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கறனா?"

கேட்டதில்லை. அது உண்மை.

"அதைக் கீழ கொட்டு. ஆள் காத்திருக்காங்க."

"மாட்டனுங்க" என்றாள் நிதானமாக. "காப்பெல் ஊர்ல இருக்கற நம்ம பொண்ணுக்குக் கொஞ்சம் அனுப்போணும். இங்க கொஞ்சம் வெச்சுக்கோணும். அந்த சென்னைக்காரம்மா ஒரு கை கேட்டாங்க. யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு? இங்கயே கெடந்து மக்கறதுதான?"

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒருங்கிணைப்பாளர் மொத்தக் குழுவையும் கூட்டிக்கொண்டு திருப்பத்துக்கே வந்துவிட்டார். சென்னை ஆன்ட்டி நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, "விடுங்க சார், நாலு இலை. அவங்க என்ன, லாரி வச்சா ஏத்திட்டுப் போறாங்க" என்றார்.

இந்த வாக்கியம் எனக்கு மிகவும் பழக்கமானது. "நாலு சுள்ளி சார்" என்று கேட்டிருக்கிறேன். ஒருமுறை மலையடிவாரத்தில், தலைச்சுமை விறகோடு வந்த ஒருத்தியை நிறுத்தி வழக்கு எழுதினேன். என் வயதுதான் இருப்பாள். சுமையை இறக்கிவைத்துவிட்டு அவள் கேட்டாள்: "காலைல இந்த வழியாத்தான லாரி போச்சு? அதுல என்ன போச்சு, சாமி?" லாரியில் போனதற்கு அனுமதிச் சீட்டு இருந்தது, அதில் என் கையெழுத்தும் இருந்தது. தலையில் போனதற்கு இல்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன். விதிப்படி அது சரியான பதில். அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"ஏதாவது பிரச்சினையா?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"இல்லை. ஒரு நிமிடம்" என்றேன்.

மனைவி எல்லோரையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. எட்டு வாரமாகக் கராஜில் உட்கார்ந்து கேட்டவள். பிறகு கவரைக் கவிழ்த்தாள். இலைகள் காலடியில் விழுந்தன. கவரை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாதைக்கு வந்தாள்.

"நன்றி" என்றார் ஒருங்கிணைப்பாளர் அவளிடம், சிரித்தபடி. "இந்த இலைக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். உண்மையில் சமையலுக்கு ரொம்பக் காரம், தலைவலி வரும்."

மனைவி தலையை மட்டும் அசைத்தாள்.

மேட்டில் நான் பேச வேண்டிய பன்னிரண்டு நிமிடத்தைப் பேசினேன். கப்பல்கள் எங்கே நங்கூரம் போட்டன, விறகு எந்தச் சரிவில் உருட்டப்பட்டது, பின்னாளில் எதிர்க்கரையில் ஒரு திமிங்கிலத் தொழிற்சாலை எவ்வளவு சமீப காலம் வரை நடந்தது. நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அமெரிக்க முதியவர் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரிந்தது. மனைவி கடலைப் பார்த்துக்கொண்டு கம்பித்தடுப்பில் சாய்ந்து நின்றாள்.

இறங்கும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது கையேட்டின் பத்தொன்பதாம் பக்கம். பொறுக்குவதைப் பார்த்தால் பணிவாக ஒருமுறை சொல்ல வேண்டும். சொன்னபடி செய்தால் அதோடு விட்டுவிடலாம். மறுத்தால், பின்னால் சொன்னபடி செய்தாலும்கூட, சம்பவப் படிவம் எழுத வேண்டும். மனைவி மறுத்தாள். "மாட்டனுங்க" என்பதற்கு மறுப்பைத் தவிர வேறு பொருள் கிடையாது. ஆனால் அதைத் தமிழில் சொன்னாள், என்னிடம் மட்டும் சொன்னாள். ஒருங்கிணைப்பாளர் பார்த்தது, கவரைக் கவிழ்த்த நல்ல பெண்மணியை மட்டும்.

படகுத்துறைக்கு இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம். எட்டுத் தலை. எல்லோரும் கைகுலுக்கினார்கள். ஒருங்கிணைப்பாளர் தன் அட்டையைப் புரட்டிவிட்டு, "ஏப்ரலில் பார்த்த ஆள்தானா நீங்கள்" என்றார். அவர் பேனாவை எடுத்துக் கடைசிக் கட்டத்துக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

"ஒரு சம்பவப் படிவம் வேண்டும்" என்றேன்.

"எதற்கு?"

"இலை விஷயம். முதலில் சொன்னபோது மறுத்தார்கள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் புளிசாதம் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். "எனக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை" என்றார்.

"தெரியும். எனக்குத் தெரிந்ததால்தான் கேட்கிறேன்."

"தேர்வு நடையில் படிவம் எழுதினால் முடிவை நான் இன்று சொல்ல முடியாது. தீவுப் பூங்கா அலுவலகத்துக்குப் போகும். தேறாமலும் போகலாம்."

"தெரியும். அது இருபதாம் பக்கம்" என்றேன்.

படிவத்தைக் கொடுத்தார். நல்ல படிவம். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவற்றில் தேவையில்லாத ஒரு கட்டம்கூட இல்லாத முதல் படிவம். இடம், நேரம், பார்த்தது, சொன்னது, கிடைத்த பதில். அந்த நபருக்கும் வழிகாட்டிக்கும் உறவு ஏதும் உண்டா. கையெழுத்து. அந்த அடிவாரத்துக்காரியின் பெயரை எழுதும்போது எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கு ஆறு நிமிடம் ஆனது.

படகில் மனைவியிடம் சொன்னேன். மறைத்து வைத்துப் பின்னால் தெரியவருவது எனக்குப் பிடிக்காது.

"அந்தம்மாவுக்கே தெரியாதுங்க."

"தெரியாது."

"நீங்களே போயிச் சொன்னீங்க."

"ஆமா."

"என்ற பேரை எழுதிக் குடுத்துட்டீங்க. அதுவும் இங்கிலீசுல." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களுக்குப் பாஸாகோணும்னுதானுங்க நான் கொட்டுனேன். இல்லாட்டி கொட்டியிருக்க மாட்டேன்."

அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதிய கையால் இவளுக்கு எழுதாமல் விட்டால், எழுதிய அத்தனைக்கும் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். இதை அவளிடம் சொல்ல முயன்றேன். சொல்லும்போது அது ஒரு சர்க்குலர் போலத்தான் இருந்தது.

அடுத்த ஒன்பது நாளும் எங்கள் பேச்சுவார்த்தை பேரன் வழியாக நடந்தது. "தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அவன் அங்கிருந்தே, "தாத்தா, லஞ்ச் இஸ் ரெடி" என்று கத்துவான். "பாட்டி ஆங்ரியா இருக்காங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான், அபூர்வமாகத் தமிழில். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. உப்பு, காரம் எல்லாம் அளவோடுதான் இருந்தது. கோபத்தைச் சமையலில் காட்டுவது அவளுக்குக் கௌரவக் குறைவு.

அந்த நாட்களில் எனக்கு இரண்டு பயம் இருந்தது. தேறாமல் போனால் அவள் கொட்டியது வீண். தேறிவிட்டால் அவள் இல்லாமல் தேறினேன் என்று ஆகும். எது மோசம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஒத்திகையை மட்டும் நிறுத்தவில்லை. கராஜில் நாற்காலி காலியாகக் கிடந்தது. டைமரை வைத்துக்கொண்டு மூன்று தொட்டிக்கும் நடந்தேன்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது, மின்னஞ்சலில். தேறிவிட்டேன். படிவத்தைப் பார்த்து அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: முதல் ஓராண்டுக்கு நான் நடத்தும் நடைகளில் என் குடும்பத்தினர் பதிவு செய்யக்கூடாது. நியாயமான நிபந்தனைதான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இரண்டாண்டு போட்டிருப்பேன்.

அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மனைவி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். அவள் பி.ஏ. படித்தவள், என் மாறுதல் உத்தரவுகளையெல்லாம் என்னை விடக் கவனமாகப் படித்தவள். படித்து முடித்து மடித்து வைத்தாள்.

"எப்பங்க மொத நடை?" என்றாள். பத்து நாளில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"சனிக்கிழமை."

சனிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அவளும் கிளம்பி நின்றாள். புது ஷூ, மகனுடைய பழைய தொப்பி.

"நீ வரக்கூடாதுன்னு போட்டிருக்காங்களே."

"உங்க நடைல பதியக் கூடாதுன்னு போட்டிருக்கறாங்க. தீவுக்கு வரக் கூடாதுன்னு எங்க போட்டிருக்குது? படகு எல்லார்த்துக்கும் பொது. நான் என்ற பாட்டுக்கு நடக்கறேன்."

கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அவள் சொன்னது சரி. அதில் அப்படி ஒரு ஓட்டை இருந்தது. எனக்கு எழுத வாய்ப்புக் கிடைத்திருந்தால் அந்த ஓட்டை இருந்திருக்காது. கிடைக்காததில் அன்று எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அன்று பதினொரு பேர் வந்தார்கள். ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது. பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துறையில் நின்றேன். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். அடிக்கட்டைக்குப் போகும்போது பின்னால் இருபது முப்பது அடி தள்ளி அவள் வந்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தணிக்கைக்கு வந்த அதிகாரி போல. நாங்கள் நின்றால் அவளும் நின்று ஒரு புதரைப் பார்ப்பாள். நான் மரத்தைப் பற்றிப் பத்தரை நிமிடம் தாண்டியபோது அவள் இருமினாள். நிறுத்திக்கொண்டேன்.

வாசனை மரங்கள் நிற்கும் திருப்பத்துக்கு முன்னால், கையில் தடி வைத்திருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "பின்னால் வருகிறாரே, அவர் நம் குழுவைச் சேர்ந்தவரா? காத்திருக்க வேண்டுமா?"

"இல்லை" என்றேன். "அவர் தனியாக வந்திருக்கிறார். ஆனால் கொஞ்சம் மெதுவாகவே போகலாம். ஏற்றம் அதிகம்."